180 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் கிட்: தவறான முனையில் பிரேக்கர், செம்பில்லாத கேபிள், மறுக்கப்பட்ட வாரண்டி

அனுப்புநர்
கிட் வாங்கிய வாடிக்கையாளர்,
பொள்ளாச்சி.

பெறுநர்
மேலாளர்,
வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு.

பொருள்: பிக்கப் வாகனத்துக்கு வாங்கிய ஹெவி டியூட்டி சார்ஜிங் கிட்டில் உள்ள குறைபாடுகள், வாரண்டி மறுப்பு, தீ அபாயம் குறித்து.

ஐயா / அம்மா,

வணக்கம். 2018-ஆம் வருட மாடல், பி.எஸ். 4, நான்கு சக்கர இயக்க டீசல் பிக்கப்புக்காக உங்கள் கிட்டை வாங்கினேன். 180 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது பேட்டரியை நிரப்பும் ஜெனரேட்டர்), புல்லி, 50 சதுர மி.மீ. என்று அச்சிட்ட கேபிள், மின்னோட்டம் அளவு மீறினால் துண்டிக்கும் 150 ஆம்பியர் பிரேக்கர், இரண்டாம் பேட்டரியை இணைத்துத் துண்டிக்கும் ரிலே ஆகியவை அதில் இருந்தன. கோயம்புத்தூரில் உங்கள் பொருத்துநரே மாட்டித் தந்தார். 47-ஆவது நாள் டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு மங்கலாக எரியத் தொடங்கியது. கழற்றிப் பார்த்தால் ஆல்டர்னேட்டரின் ரெக்டிஃபயரில் (ஏ.சி.யை டி.சி.யாக மாற்றும் பகுதி) இரண்டு டையோடு போயிருந்தன. "வின்ச் பயன்படுத்தியிருக்கிறீர்கள், வாரண்டி கிடையாது" என்று ஒரே வரியில் பதில் அனுப்பியிருக்கிறீர்கள். வின்ச் (சிக்கிய வண்டியை வடம் கட்டி இழுக்கும் மோட்டார்) படத்தைப் பெட்டியின் மேல் அச்சடித்து விற்ற நிறுவனத்திடமிருந்து வந்த பதில் இது. இதை ஏற்க முடியாது.

வின்ச் டையோடைக் கொல்லவில்லை. 9,500 பவுண்டு வின்ச் முழு பாரத்தில் 400 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதை எந்த ஆல்டர்னேட்டரும் கொடுக்காது, பேட்டரிதான் கொடுக்கும். வின்ச் கேபிள் நேராக பேட்டரி முனைகளில்தான் மாட்டியிருக்கிறது, உங்கள் பிரேக்கர் வழியாகப் போகவில்லை. ஒரு நிமிடம் 300 ஆம்பியர் இழுத்தால் பேட்டரியிலிருந்து போவது 5 ஆம்பியர்-மணி. அதைத் திருப்பி நிரப்புவதுதான் ஆல்டர்னேட்டரின் வேலை. ஆல்டர்னேட்டர் தன் சக்திக்கு மேல் தரவும் முடியாது, அதன் கட்டமைப்பே அதைத் தடுத்துவிடும். முழு அளவில் சில நிமிடம் ஓடினால் சூடாகும், அவ்வளவுதான். அந்தச் சூட்டைத் தாங்காத பொருளை ஹெவி டியூட்டி என்று சொல்லி விற்கக் கூடாது.

டையோடைக் கொன்றது உங்கள் பிரேக்கர். 180 ஆம்பியர் தரும் ஆல்டர்னேட்டரின் வழியில் 150 ஆம்பியர் பிரேக்கரை வைத்ததே முதல் தவறு. அது வெப்பத்தில் விழுகிற, அதாவது சூடேறினால் இணைப்பைத் துண்டிக்கிற வகை என்பது அடுத்த தவறு. போனட்டுக்குள் டர்போ பக்கத்துச் சூட்டில் அந்த வகை பிரேக்கர் தன் மேல் எழுதிய அளவுக்கு வெகு முன்பே விழுந்துவிடும். சேற்றிலிருந்து வண்டியை இழுத்த பிறகு பேட்டரி பசியோடு இருக்கும், விளக்குகள் எரியும், கம்ப்ரஸர் ஓடும். அந்த நேரத்தில் கிளாம்ப் மீட்டரில் ஏறத்தாழ 130 ஆம்பியர் காட்டியது, பிரேக்கர் விழுந்தது. ஓடுகிற ஆல்டர்னேட்டரை பேட்டரியிலிருந்து திடீரென்று துண்டித்தால் ரோட்டரின் காந்தப்புலம் உடனே அடங்காது. தடுப்பு இல்லாத 12 வோல்ட் வண்டியில் மின்னழுத்தம் கண நேரத்தில் 80 முதல் 100 வோல்ட் வரை எகிறலாம். லோடு டம்ப் என்று உங்கள் பொறியாளர்கள் சொல்வது இதைத்தான், டையோடுகள் போனதும் இதில்தான். ஆல்டர்னேட்டரின் பி-பிளஸ் முனையில் (மின்சாரம் வெளியே வரும் முனை) ஏ.சி. அளவில் இப்போது 1.1 வோல்ட் சிற்றலை, அதாவது டி.சி.யில் கலந்த ஏ.சி. அலைவு தெரிகிறது. நல்ல ஆல்டர்னேட்டரில் அது அரை வோல்ட்டைத் தாண்டக் கூடாது. பிரேக்கரையும் ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். இடது போல்ட்டைச் சுற்றிய கறுப்பு பிளாஸ்டிக் பளபளப்பு போய்ச் சுருங்கி, ஸ்பிரிங் வாஷர் அதற்குள் பாதி புதைந்திருக்கிறது. நட்டு இறுக்கமாகவே இருந்தது. சூடு உள்ளிருந்து வந்திருக்கிறது.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. உங்கள் பொருத்தும் கையேட்டின் படத்தில் பிரேக்கர் ஆல்டர்னேட்டர் பக்கத்து முனையில் இருக்கிறது, பொருத்துநரும் அப்படியே மாட்டியிருக்கிறார். பியூஸும் பிரேக்கரும் இருப்பது கேபிளைக் காக்க. இடையில் எங்காவது கேபிள் உரசி எர்த் ஆனால் ஆயிரம் ஆம்பியருக்கு மேல் கொட்டப்போவது பேட்டரியிலிருந்து. எனவே தடுப்பு பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். உங்கள் படத்தின்படி மாட்டினால், பிரேக்கர் விழுந்த பிறகும் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் கேபிள் எந்தக் காவலும் இல்லாமல் உயிரோடு கிடக்கிறது. என் வண்டியில் அது ஸ்டீயரிங் பம்ப் பிராக்கெட்டின் விளிம்பை ஒட்டிப் போகிறது. அந்த இடத்தில் உறையில் நகக்கண் அளவுக்குத் தேய்மானம் விழுந்து, உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது.

செம்பு என்றால் சிவப்பாகத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு இழையை பிளேடால் சுரண்டினேன்: மேலே செம்புப் பூச்சு, உள்ளே அலுமினியம். லைட்டர் நெருப்பில் காட்டியபோது செம்பைப் போலச் சிவந்து நிற்காமல் உருகி முத்தாகத் திரண்டது. உறையை உரித்தால் கடத்தியின் விட்டம் 7 மி.மீ. மட்டுமே, அது 25 சதுர மி.மீ. கேபிளின் அளவு. 50-க்கு 9 முதல் 10 மி.மீ. வர வேண்டும். தடித்த ரப்பரைப் போர்த்தி அளவைக் காட்டியிருக்கிறீர்கள். சுத்தச் செம்பில் 50 சதுர மி.மீ. கேபிள் 2 மீட்டர் நீளத்துக்கு, 100 ஆம்பியரில் இழக்கும் மின்னழுத்தம் சுமார் 0.07 வோல்ட். இதில் 0.36 வோல்ட் இழப்பு. அதில் 0.14 வோல்ட் கேபிள் முனைகளில் மாட்டிய லக்குகளில் மட்டுமே போகிறது. அறுகோண டை வைத்து அழுத்தாமல் சுத்தியலால் தட்டி நசுக்கிய லக்குகள் அவை, கையால் திருகினாலே அசைகின்றன.

எர்த் பக்கத்துக்கு கிட்டில் ஒரு கேபிள்கூட இல்லை. போகிற பாதையை அகலப்படுத்திவிட்டு, வருகிற பாதையை ஒற்றையடிப் பாதையாகவே விட்டிருக்கிறீர்கள். இன்ஜினிலிருந்து சேஸிஸுக்கும், சேஸிஸிலிருந்து பேட்டரி மைனஸுக்கும் பழைய பட்டைகளே இருப்பதால் அங்கே இன்னொரு 0.21 வோல்ட் போகிறது. ஆல்டர்னேட்டர் முனையில் 14.2 வோல்ட் இருக்கும்போது பேட்டரிக்குச் சேர்வது 13.63. ஏ.ஜி.எம். பேட்டரி (அமிலம் கண்ணாடி இழை விரிப்பில் ஊறியிருக்கும் வகை) முழுதாக நிரம்ப 14.4 வோல்ட்டை ஒட்டிக் கிடைக்க வேண்டும். இப்படிப் பாதி வயிற்றோடே வைத்திருந்தால் தகடுகளில் சல்பேட் படிந்து பேட்டரி விரைவில் கெட்டுவிடும். அப்போது பேட்டரிக் கம்பெனியைத்தான் எல்லோரும் திட்டுவார்கள்.

இனி அந்த 180 என்ற எண். நிமிடத்துக்கு எத்தனை சுற்றில் 180 என்று பெட்டியிலும் இல்லை, கையேட்டிலும் இல்லை. ஐ.எஸ்.ஓ. 8854 முறைப்படி ஆல்டர்னேட்டர் 6,000 சுற்றில் தருவதுதான் அதன் மதிப்பீட்டு அளவு. அதே முறை 1,500 சுற்றில் தருவதையும் குறிப்பிடச் சொல்கிறது. காடு மலை ஓட்டத்தில் தேவைப்படுவது அந்த இரண்டாவது எண்தான். டயருக்குக் காற்று ஏற்றுவது வண்டியை நிறுத்தி, ஐட்லிங்கில் வைத்துத்தான். வண்டியின் சொந்தச் செலவு 30 ஆம்பியர், கம்ப்ரஸர் 45, எல்.ஈ.டி. விளக்குகள் 18, ஃபிரிட்ஜ் 5. மொத்தம் 98. ஐட்லிங்கில் பழைய 90 ஆம்பியர் ஆல்டர்னேட்டர் 46 ஆம்பியர் கொடுத்தது. உங்களுடையது கொடுத்தது 31.

காரணம் புல்லியில் இருக்கிறது. கிராங்க் புல்லி 150 மி.மீ., பழைய ஆல்டர்னேட்டர் புல்லி 55 மி.மீ. இன்ஜின் 750 சுற்றில் ஓடினால் ஆல்டர்னேட்டர் 2,045 சுற்று ஓடும். நீங்கள் அனுப்பியது 62 மி.மீ. புல்லி, 1,815-தான் வருகிறது. குறைந்த சுற்றில் எழும்பாத ஆல்டர்னேட்டருக்கு இன்னும் பெரிய புல்லி. வேறு மாடலுக்கு உரியதைப் பெட்டியில் போட்டிருக்கிறீர்கள் என்றே நினைக்கிறேன். பழைய புல்லியில் ஒருவழி கிளட்ச் இருந்தது, டீசல் இன்ஜினின் துடிப்பு பெல்ட்டுக்கு ஏறாமல் இருப்பதற்காக. உங்களுடையது கட்டிப் புல்லி, போதாததற்கு 3 மி.மீ. முன்னே தள்ளி நிற்கிறது. ஐட்லிங்கில் பெல்ட்டை இறுக்கும் டென்ஷனர் நடுங்குவது கண்ணுக்கே தெரிகிறது. பெல்ட்டின் ஓரத்து வரி நைந்து, பம்ப் மேல் கறுப்புத் தூள் படிகிறது.

இரண்டாம் பேட்டரி ரிலே பி.எஸ். 6 வண்டிகளுக்கும் பொருந்தும் என்று விளம்பரத்தில் போடுவதை நிறுத்துங்கள். அந்த வண்டிகள் பலவற்றில் கணினி ஆல்டர்னேட்டரை 12.5 வோல்ட் பக்கம் இறக்கிவிடும். 12.8-இல் துண்டிக்கும் இந்த ரிலே அங்கே பாதி நேரம் இணைப்பில்லாமல் திறந்தே கிடக்கும். குறைந்த வோல்ட்டை உயர்த்தி பேட்டரியை நிரப்பும் டி.சி.-டி.சி. சார்ஜர்தான் அங்கே வேலை செய்யும்.

நான் கேட்பவை இவை. 1,500, 3,000, 6,000 சுற்றுகளில், குளிர்ந்த நிலையிலும் சூடான நிலையிலும் எடுத்த சோதனைத் தாளோடு மாற்று ஆல்டர்னேட்டர். ஒருவழி கிளட்சுடன் 55 மி.மீ. புல்லி. வெள்ளீயம் பூசிய சுத்தச் செம்பில் 50 சதுர மி.மீ. கேபிள், பிளஸ் பக்கத்துக்கு ஒன்று, எர்த் பக்கத்துக்கு இரண்டு, அறுகோண அழுத்தத்தில் லக் பொருத்தியவை. பிரேக்கருக்குப் பதிலாக பேட்டரி முனையில் 250 ஆம்பியர் மெகா பியூஸ். நைந்த பெல்ட்டின் விலை. இவற்றை 15 நாட்களுக்குள் தர முடியாவிட்டால் கிட்டின் முழுத் தொகையையும் பொருத்துக் கூலியையும் திருப்பித் தர வேண்டும். ரசீது, அளவீடுகளின் படங்கள், சுரண்டிய கேபிள் துண்டு ஆகியவற்றை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். பிரேக்கரும் பழுதான ஆல்டர்னேட்டரும் என்னிடமே இருக்கும், உங்கள் ஆள் நேரில் வந்து பார்க்கலாம். பதில் வராவிட்டால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன் கீழ் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் பதிவு செய்வேன்.

என் கோரிக்கைக்கு 15 நாள் எடுத்துக்கொள்ளுங்கள். கையேட்டின் அந்தப் படத்துக்கு அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது. இந்தக் கிட்டை வாங்கிய எல்லோருடைய கைப்பேசி எண்ணும் உங்கள் ரசீதுகளில் இருக்கிறது. காவலில்லாத அந்தக் கேபிளை உடனே பேட்டரியிலிருந்து கழற்றி முனையை டேப் சுற்றி வைக்கும்படி, பேட்டரி முனையில் பியூஸ் போடும்வரை அதை மறுபடி மாட்ட வேண்டாம் என்று இன்றே அவர்களுக்குச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாடிக்கையாளர்