ஏழாம் கூறும் அதன் நீல நிறமும்

அன்பு நண்பா,

உன் கடிதமும், செயல்சார் எம்.ஆர்.ஐ. (மூளையின் செயல்பாட்டைத் தொடர்ந்து படமெடுக்கும் முறை) தரவை ஐ.சி.ஏ. மூலம், அதாவது ஒன்றையொன்று சாராத கூறுகளாகப் பிரிக்கும் பகுப்பாய்வின் மூலம், நீ பிரித்தெடுத்த 20 கூறுகளின் படங்களும் வந்து சேர்ந்தன. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் நாம் இருவரும் ஒரே வகைத் தரவின் முன் உட்கார்ந்திருக்கிறோம் என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. இங்கே நான் நலம். வகுப்புகள் முடிந்துவிட்டதால் உன் படங்களை மூன்று நாட்கள் நிதானமாகப் பார்க்க முடிந்தது.

முதலில் ஏழாம் கூறு. பின் சிங்குலேட் (மூளையின் உட்புறப் பின்பகுதி) நீலமாக இருப்பதைக் கண்டு, 'இங்கே செயல்பாடு குறைகிறது' என்று ஓரத்தில் குறித்திருக்கிறாய். அந்தக் குறிப்பை அடித்துவிடு. ஐ.சி.ஏ. தரும் கூறு ஒவ்வொன்றும் ஒரு வரைபடமும் (மூளையில் எங்கே என்பது) ஒரு காலத்தொடரும் (எப்போது ஏறி இறங்கியது என்பது) சேர்ந்த இணை. இரண்டையும் –1 ஆல் பெருக்கினாலும் பெருக்குத்தொகை மாறாது என்பதால், கூட்டலா கழித்தலா என்ற குறியை முடிவு செய்ய அந்த முறைக்கு வழியே இல்லை. நீலமும் சிவப்பும் இந்தக் கூறுக்குள் எதிரெதிராக ஏறி இறங்குகின்றன என்பது மட்டுமே அந்தப் படம் சொல்லும் செய்தி. பங்கேற்றவர் செய்த பணியின்போது எது இறங்கியது என்று அறிய, காலத்தொடரைப் பணியின் கால அட்டவணையோடு ஒப்பிட்டுத்தான் ஆக வேண்டும். வண்ணப் பட்டையில் உள்ள இசட் மதிப்புகளும் (சராசரியிலிருந்து எவ்வளவு விலகல் என்று காட்டும் எண்கள்) அப்படித்தான்: 3 என்று எழுதியிருப்பதால் அந்த வோக்சல் (படத்தின் மிகச் சிறிய கன அலகு) புள்ளியியல் சோதனையில் தேறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதே.

பன்னிரண்டாம் கூறை நீ புதிய வலையமைப்பு (ஒன்றாக இயங்கும் மூளைப் பகுதிகளின் தொகுப்பு) என்று கருதியதன் காரணம் எனக்குப் புரிகிறது, அதற்கு நீ அனுப்பிய அதிர்வெண் வரைவில் 0.1 ஹெர்ட்ஸில் அழகான ஒரு முகடு தெரிகிறது. ஆனால் வரைபடத்தைச் சற்று நெருங்கிப் பார்: பிரகாசமான புள்ளிகள் மூளைத்தண்டைச் சுற்றியும் பெரிய தமனிகளின் வழியிலும்தான் இருக்கின்றன; நரம்பணுக்கள் நிறைந்த சாம்பல் பொருளில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. நீ 2 நொடிக்கு ஒரு முறை படமெடுத்திருக்கிறாய், ஆகவே 0.25 ஹெர்ட்ஸுக்கு மேலான அலைவு எதுவும் தன் உண்மையான அதிர்வெண்ணில் தெரியாது. நிமிடத்துக்கு 66 முறை துடிக்கும் இதயத்தின் 1.1 ஹெர்ட்ஸ், மடிந்து வந்து சரியாக 0.1 ஹெர்ட்ஸில் உட்கார்ந்துகொள்ளும். பங்கேற்றவரின் நாடித்துடிப்புப் பதிவு இருந்தால் உடனே சரிபார். மண்டையோட்டின் விளிம்பில் வளையம்போல் தெரியும் பதினைந்தாம் கூறு தலை அசைவு. அதில் எனக்கு ஐயமே இல்லை.

நாமே தேர்ந்துகொள்ளும் கூறுகளின் எண்ணிக்கை பற்றிச் சொல்லும்போது என் பழைய தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், நோயாளிகளின் தரவில் இயல்புநிலை வலையமைப்பு (ஓய்வாக இருக்கும்போது ஒன்றாக இயங்கும் பகுதிகள்) முன்புறம் ஒன்றும் பின்புறம் ஒன்றுமாக இரண்டு கூறுகளாகப் பிரிந்ததைப் பார்த்து, அவர்களிடம் இணைப்பு அறுந்திருக்கிறது என்று ஒரு கட்டுரையே எழுதி முடித்தேன். அனுப்புவதற்கு முந்தைய வாரம், நலமானவர்களின் தரவையும் 20க்குப் பதிலாக 70 கூறுகளாகப் பிரித்துப் பார்த்தபோது, அங்கும் அதே பிளவு வந்தது. நான் நோயின் அடையாளம் என்று நம்பியது, நானே தேர்ந்த எண்ணின் விளைவு. அன்று முதல், இரு குழுக்களையும் ஒன்றாகச் சேர்த்துப் பிரித்த பிறகே, இரட்டைத் தொடர்போக்கின் (பொதுவான கூறுகளைக் கொண்டு ஒவ்வொருவரின் காலத்தொடரையும் வரைபடத்தையும் கணக்கிடும் முறை) வழியாக ஒவ்வொருவரின் வரைபடத்துக்கும் போகிறேன்.

இரண்டு கூறுகளின் காலத்தொடர்கள் ஒத்துப்போகின்றனவே, பிறகு இவை எப்படிச் சார்பற்றவை என்று கேட்டிருந்தாய். நாம் சார்பின்மையைத் தேடுவது இடப்பரவலில். காலத்தில் அவை ஒத்துப்போக எந்தத் தடையும் இல்லை. அந்த ஒத்திசைவை அளப்பதுதான் வலையமைப்புகளுக்கு இடையிலான இணைப்பு பற்றிய ஆய்வுகளின் அடிப்படை.

வெவ்வேறு தொடக்க மதிப்புகளோடு பகுப்பாய்வைப் பத்து முறையாவது ஓட்டி, ஏழாம் கூறு ஒவ்வொரு முறையும் திரும்ப வருகிறதா என்று பார். அதன் காலத்தொடரையும் அதிர்வெண் வரைவையும் அடுத்த கடிதத்தோடு அனுப்பு. இந்த முறை அந்தக் கூறுக்குப் படத்தை மட்டும் அனுப்பிவிட்டாய்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்