மலை ரயில் கல்லாறில்தான் தொடங்குகிறது: நீலகிரிச் சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சுற்றுலா ஏற்பாட்டாளர்களுக்கு வணக்கம்.

'ஊட்டி 2 இரவு, 3 பகல், மலை ரயில் பயணம் உட்பட' என்று விளம்பரம் செய்கிறீர்கள். அந்த மலை ரயில் பெரும்பாலும் ஊட்டிக்கும் குன்னூருக்கும் இடையிலான ஒரு மணி நேரப் பயணமாகத்தான் இருக்கிறது. அழகான பாதைதான், மறுக்கவில்லை. கேத்திப் பள்ளத்தாக்கும் லவ்டேலும் அந்தப் பக்கம்தான் வருகின்றன. ஆனால் அங்கே வண்டியை ஓட்டுவது டீசல் எஞ்சின். தண்டவாளத்தின் நடுவே எஞ்சின் பிடித்து ஏறும் பற்கள் கிடையாது. 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த இந்த ரயிலை வேறெந்த ரயிலிலிருந்தும் பிரித்துக் காட்டுவது மலையடிவாரத்திலுள்ள கல்லாறிலிருந்து குன்னூர் வரையுள்ள சுமார் 20 கிலோமீட்டர். உங்கள் வாடிக்கையாளர் அதைப் பார்க்காமலேயே 'மலை ரயிலில் போய்விட்டேன்' என்று ஊர் திரும்புகிறார்.

எங்கள் கோரிக்கை இதுதான்: மேட்டுப்பாளையத்தில் காலை 7.10 வண்டியில் ஆட்களை ஏற்றுங்கள். குன்னூரில் இறக்கி, ஓர் இரவு அங்கேயே தங்க வையுங்கள். மறுநாள் குன்னூரிலிருந்து ஊட்டிக்கு ரயிலில் அனுப்புங்கள். முழுப் பாதையும் கிடைத்துவிடும், ஒரு நல்ல சிற்றூரும் கிடைக்கும்.

மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, குன்னூர் சுமார் 1,712 மீட்டரில். புறப்பட்டதும் வண்டி பாக்குத் தோப்புகளுக்கு நடுவே சமதளத்தில்தான் போகும். கல்லாறு தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. 12 மீட்டர் போனால் 1 மீட்டர் ஏறும் இடங்கள்கூட உண்டு. வெறும் சக்கரம் அங்கே வழுக்கும். அதனால்தான் இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் வெட்டிய இரண்டு இரும்புப் பட்டைகளைப் பதித்திருக்கிறார்கள். ஒரு பட்டையின் பல்லுக்கு நேராக அடுத்த பட்டையில் இடைவெளி வரும்படி தள்ளி வைத்திருப்பார்கள். ஆகவே எஞ்சினின் பற்சக்கரம் எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல்லைப் பிடித்தபடியே இருக்கும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் வகுத்த முறை இது. 1899இல் குன்னூர் வரை பாதை திறந்தபோதிருந்து இந்த முறைதான். ஊட்டிக்கு ரயில் போனது 1908இல்.

பற்பட்டை தொடங்கும் இடத்தில் வண்டி ஊர்ந்து நுழையும். பல்லோடு பல் பொருந்த வேண்டும் என்பதே காரணம். 'வண்டி நின்றுவிடுமோ' என்று பயணிகள் பதறுவது அங்கேதான், முன்கூட்டியே சொல்லி வையுங்கள். அதற்குப் பிறகு எஞ்சினின் சத்தமே மாறிவிடும். இங்கே ஓடும் எக்ஸ் வகை நீராவி எஞ்சினில் ஒவ்வொரு பக்கமும் இரண்டு சிலிண்டர். ஒன்று சாதாரணச் சக்கரங்களை ஓட்டும், மற்றது பற்சக்கரத்தை. சமதளத்தில் முதலாவது மட்டும் இயங்கும். ஏற்றத்தில் முதல் சிலிண்டரில் வேலை செய்துவிட்டு வெளியேறும் நீராவி வீணாகாமல் இரண்டாவதற்குப் போய் அங்கேயும் வேலை செய்யும். எஞ்சின் பக்கமிருக்கும் பெட்டியில் உட்கார்ந்து காது கொடுத்தால் இரண்டு தாளமும் தனித்தனியாகக் கேட்கும். இந்த வகையில் முதலில் வந்த எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்தவை. பின்னர் திருச்சி பொன்மலைப் பணிமனையிலேயே புதிதாகக் கட்டினார்கள். இதை வழிகாட்டிகள் பெருமையோடு சொல்ல வேண்டும்.

எஞ்சின் ஏன் பின்னாலிருந்து தள்ளுகிறது என்று எல்லோரும் கேட்பார்கள். எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கமே இருக்கும். இணைப்பு அறுந்தாலும் பெட்டிகள் எஞ்சின் மேல்தான் சாயும், தனியே உருண்டுவிடாது. ஓட்டுநருக்கு முன்பாதை தெரியாதே என்றால், அதற்குத்தான் ஒவ்வொரு பெட்டியின் மேடையிலும் பிரேக் போடும் ஊழியரான பிரேக்ஸ்மேன் நிற்கிறார். முதல் பெட்டிக்காரர் பாதையைப் பார்த்துக் கொடி காட்ட, அது பெட்டி பெட்டியாகக் கைமாறி எஞ்சினுக்கு வந்து சேரும். பிரேக்ஸ்மேன் வேலை செய்யும் இடத்தில் பயணிகள் செல்ஃபிக்காக முண்டியடிக்கக் கூடாது. குகைகள் 16 இருக்கின்றன, பெட்டிக்கும் பாறைக்கும் இடைவெளி குறைவு. கை, தலை நீட்டவே கூடாது.

இனி முன்பதிவு. இப்போது 60 நாள் முன்பே பதிவு திறக்கிறது. ஏப்ரல், மே மாதங்களுக்கு அன்றைக்கே போட்டால்தான் இடம் கிடைக்கும். நிலையக் குறியீடுகள்: மேட்டுப்பாளையம் எம்டிபி, குன்னூர் ஓஎன்ஆர், ஊட்டி யூஏஎம். குன்னூரில் இரவு தங்குவதென்றால் இரண்டு தனித்தனி டிக்கெட் எடுக்க வேண்டும். யாரோ பெயரில் எடுத்து வைத்து வேறு யாருக்கோ கொடுக்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பரிசோதகர் அடையாள அட்டை கேட்டால் வண்டியில் தவிப்பது நீங்கள் அல்ல, குழந்தைகளோடு வந்த ஒரு குடும்பம்.

சென்னையிலிருந்து இரவு கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரஸ் காலை 6 மணிக்கு மேல் மேட்டுப்பாளையம் வந்துவிடும். அது தாமதமானால் பல் துலக்கவும் காபி குடிக்கவும் நேரம் இருக்காது. வயதானவர்கள் உள்ள குழு என்றால் முதல் நாளே வந்து தங்குவது நல்லது. மண்டிகளும் லாரிகளுமாக இருக்கும் ஊர்தான் என்றாலும் மாலையில் வனபத்ரகாளியம்மன் கோயில் வரை போய்வரலாம். பவானி ஆற்றில் மட்டும் இறங்க விடாதீர்கள். பில்லூர் அணையில் தண்ணீர் திறந்தால் ஆறு சட்டென்று உயரும்.

பெட்டிகள் குறுகலானவை. டிராலிப் பெட்டி வைக்க இடமில்லை, சாமான்களை வேனில் ஏற்றி மலைப்பாதையில் அனுப்பிவிடுங்கள். நீலகிரிக்குள் வரும் வண்டிகளுக்கான இணைய அனுமதியான இ-பாஸை வேனுக்கு எடுக்க மறக்க வேண்டாம். பெட்டிக்குள் கழிப்பறை கிடையாது. மேட்டுப்பாளையத்தில் ஏறும் முன்பே போய்வரச் சொல்லுங்கள். எஞ்சின் தண்ணீர் பிடிக்க நிற்கும் நிலையங்களில் கால் நீட்ட இறங்கலாம். ஹில்குரோவ் நிலையத்தில் குரங்குகள் அதிகம், கையில் பிஸ்கட் பாக்கெட்டோடு இறங்கினால் அது உங்களுடையது அல்ல. குன்னூர் வர மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். பற்பட்டைப் பகுதியில் வேகமே மணிக்கு 13 கிலோமீட்டர்தான். மதியத்துக்குள் ஐந்து இடம் காட்டுவதாக யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

குன்னூரில் அவசரமே வேண்டாம். நிலையத்திலிருந்து மேல் குன்னூருக்கு ஆட்டோவில் போனால் 1874இல் தொடங்கிய சிம்ஸ் பூங்காவும், எதிரே தடுப்பூசி தயாரிக்கும் பாஸ்டர் நிறுவனத்தின் பழைய கட்டடமும் இருக்கின்றன. இறங்கி வரும்போது மார்க்கெட் பக்கம் ஒரு டீ, சூடாக, மொறுமொறுவென்ற வர்க்கி பிஸ்கட். கடைகள் சீக்கிரம் மூடிவிடும் ஊர், இரவுச் சாப்பாட்டை முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

கடைசியாக, மழைக்காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே மண்ணும் பாறையும் மரமும் சரிந்து பாதையை மூடும். சில நேரம் நாள்கணக்கில், சில நேரம் வாரக்கணக்கில் வண்டி ரத்தாகும். அந்த மாதங்களில் உங்கள் விலைப்பட்டியலிலேயே எழுதுங்கள்: மேட்டுப்பாளையம் வண்டி ரத்தானால் பேருந்தில் குன்னூர், பாதை திறந்திருந்தால் அங்கிருந்து ஊட்டிக்கு ரயில். ரயில்வே ரத்து செய்தால் கட்டணம் முழுதாகத் திரும்பி வரும். அந்தத் தொகையைப் பயணியின் கையில் அப்படியே கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
நீலகிரி மலை ரயிலை நேசிப்பவர்கள்