வாதி ரம் போகும் நண்பர்களுக்கு: இறங்குவதற்கும் ஒரு கட்டம் போடுங்கள்

சனிக்கிழமை தவறாமல் ராமநகரப் பாறைகளில் தொங்கும் நம் குழுவினருக்கு,

வணக்கம். நவம்பர் கடைசி வாரம் ஜோர்டானின் வாதி ரம் பாலைவனத்தில் பாறை ஏறப் போகிறோம், அட்டவணையைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தீர்கள். பார்த்தேன். ஐந்து நாள், ஐந்து ஏற்றம், நடுவில் ஒரு ஒட்டகச் சவாரி. ஒருவரிடம் மட்டும் சொன்னால் மற்றவர் காதுக்குப் போய்ச் சேரும்போது பாதி மாறிவிடும். அதனால் எல்லோருக்கும் பொதுவாகவே எழுதுகிறேன். பின்னால் வேறு யாராவது கிளம்பினாலும் படித்துக்கொள்ளட்டும்.

(பெயரைக் கேட்டுச் சிரித்தவர்களுக்கு: இந்த வாதி கோர்ட்டு வாதியும் இல்லை, ரம் கடையில் விற்கிற ரம்மும் இல்லை. அரபியில் வாதி என்றால் பள்ளத்தாக்கு, மழை பெய்தால் மட்டும் ஓடும் ஆற்றுத்தடம்.)

அட்டவணையில் ஒவ்வொரு நாளுக்கும் கிளம்பும் நேரம், பிட்ச் (ஒரு கயிற்று நீளத்துக்குள் ஏறும் பகுதி) எண்ணிக்கை, உச்சி தொடும் நேரம் என்று அழகாகக் கட்டம் போட்டிருக்கிறீர்கள். இறங்குவதற்குக் கட்டமே இல்லை. என் புகார் மொத்தமும் அதுதான்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் நாங்கள் நாலு பேர் இதே மாதிரிதான் போனோம். ஜெபல் ரம் என்ற மலை 1,700 மீட்டருக்கு மேல். கிராமத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் நேர்ச் சுவர். ஏறுவது கஷ்டமாகவே இல்லை. பகல் ஒரு மணிக்கே உச்சியில் இருந்தோம், நாற்பது நிமிடம் ஃபோட்டோ எடுத்தோம். அப்புறம்தான் தெரிந்தது, அந்த மலையின் உச்சி ஒரு உச்சியே இல்லை. கவிழ்த்து வைத்த சட்டிகள் போல வெளுத்த மணற்பாறைக் குவிமாடங்கள், நடுநடுவே ஆள் உயரத்துக்கும் மேலான வெடிப்புகள். எந்தச் சட்டியைச் சுற்றி வந்தோம் என்பது ஐந்தே நிமிடத்தில் மறந்துவிடும். வழிக்கு அடையாளமாகக் கல் அடுக்கி வைத்திருப்பார்கள், உண்மை. ஆனால் வழி தவறியவர்களும் போகிற போக்கில் கல் அடுக்கிவிட்டுத்தான் போயிருக்கிறார்கள். அப்படி ஒரு அடுக்கை நம்பிப் போய், கயிற்றின் நுனி எங்கே முடியும் என்று தெரியாத ஒரு விளிம்பில் நின்றபோது இருட்டிவிட்டது.

நல்ல வேளையாக எங்களில் ஒருவன் "இனி யாரும் நகரக் கூடாது" என்றான். உட்கார்ந்துவிட்டோம். நாலு பேருக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், ஒரு அலுமினியத் தாள் போர்வை. கீழே ரம் கிராமத்தின் விளக்குகள் தெரிகின்றன, நாய் குரைப்பது கேட்கிறது, இஷா பாங்கு ஒலி பாறையில் பட்டு இரண்டு தடவை வருகிறது. எல்லாம் கூப்பிடு தூரம்தான், ஆனால் போக முடியாது. பகலில் சட்டையைக் கழற்ற வைத்த அதே பாலைவனத்தில் ராத்திரி பல் கிட்டியது. காலையில் ஒரு பையன் செருப்புக் காலோடு ஏறி வந்தான். முந்தின நாள் டீ குடிக்க வருவதாகச் சொன்னவர்கள் வரவில்லையே என்று எங்கள் ஜீப் ஓட்டுநர் அனுப்பிய ஆள். முந்தின மாலை நாங்கள் இரண்டு தடவை தாண்டிப் போன ஒரு வெடிப்புக்குள் புகுந்து, பேசிக்கொண்டே எங்களைக் கீழே கூட்டிப் போனான்.

அங்கே மேலைநாட்டு ஏற்றக்காரர்களின் கூட்டம் தொடங்கியது 1984க்குப் பிறகுதான். அந்த வருடம் ஜோர்டான் சுற்றுலா அமைச்சகம் அழைத்து இங்கிலாந்திலிருந்து டோனி ஹோவர்ட் என்ற ஏற்றக்காரரும் அவருடைய தோழர்களும் வந்தார்கள். ஏறத் தெரிந்தவர்கள் உள்ளூர்ப் பாலைவன மக்களான பெதுவின்களே என்பதை வந்த பிறகு கண்டார்கள். நம் வரையாட்டுக்குத் தூரத்துச் சொந்தமான ஐபெக்ஸ் என்ற காட்டு ஆட்டை வேட்டையாட, அந்த மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கயிறு இல்லாமல் ஏறி இறங்கிய தடங்கள்தான் அங்கே உள்ள பழைய வழிகள். ஷேக் ஹம்தான் வழி, ஹம்மாத் வழி என்று ஆள் பெயராலேயே இன்றும் வழங்குகின்றன. வேட்டை ஆட்டைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்க வேண்டியவர்கள் கண்டுபிடித்த வழி என்பதை மறக்காதீர்கள். கையேட்டில் அதற்கு 3 என்றும் 4 என்றும் கிரேடு இருக்கும். கர்நாடகத்துப் பாதாமியில் அதைவிடக் கடினமான 6b ஏறுகிற உங்களுக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு வரும். அந்த எண் கை கால் வைக்கிற கஷ்டத்தைத்தான் சொல்கிறது. வழி கண்டுபிடிக்கிற கஷ்டத்தைச் சொல்வதில்லை.

பாதாமியும் மணற்பாறைதான், ஆகவே பழகிய பாறை என்று எழுதியிருந்தீர்கள். இல்லை. பாதாமியில் பாறையில் அடித்து வைத்த போல்ட் இருக்கிறது, கயிற்றை அதில் கோக்கும் க்விக்ட்ராவை மாட்டிக்கொண்டே போகலாம். இங்கே பெரும்பாலான வழிகளில் வெடிப்புகளில் செருகி எடுக்கும் கேமும் நட்டும் நீங்களே வைத்துக்கொண்டு போக வேண்டும். ராப்பெல், அதாவது கயிற்றில் தொங்கி இறங்குவதற்கான ஆங்கர் (கயிற்றைத் தாங்கும் பிடிமானம்) என்பது பல இடங்களில் பாறையில் இயற்கையாக உண்டான துளைக்குள் கயிற்றைக் கோத்துக் கட்டிய முடிச்சு, அவ்வளவுதான். முன்னால் போனவர்கள் கட்டியது. வெயிலில் நிறம் வெளுத்து, மணல் ஏறி, தொட்டால் பழைய சணல் மாதிரி மொரமொரவென்று இருக்கும். அதில் தொங்காதீர்கள். 7 மி.மீ. கயிறு முப்பது மீட்டரும் ஒரு கத்தியும் கொண்டுபோய், சந்தேகம் வந்த இடத்திலெல்லாம் புதிதாகக் கட்டுங்கள். ராப்பெல்லுக்கு ஏறும் கயிறு இரண்டு வேண்டும். பட்டியலில் ட்ரில் மிஷின் பார்த்தேன், அதை எடுத்துவிடுங்கள். 2011 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய இடம் அது. பாறைகளில் பழங்காலத்து வரைகோடுகளும் எழுத்துகளும் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. நமக்கு அங்கே ஓட்டை போட என்ன உரிமை இருக்கிறது?

மழை பெய்தால் ஏறாதீர்கள். நனைந்த மணற்பாறை பிஸ்கட் மாதிரி, நேற்று பிடித்த பிடி இன்று கையோடு வரும். மேலே காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும், இரண்டு மூன்று நாள் விட வேண்டும். ஐந்து நாளுக்கு ஐந்து ஏற்றம் என்று இறுக்கிப் போட்டால், நடுவில் ஒரு மழை வந்தவுடன் "பரவாயில்லை, போவோம்" என்று யாராவது சொல்லத்தான் செய்வீர்கள். ஏற்றங்களில் இரண்டை அடித்துவிடுங்கள். நவம்பர் கடைசியில் பகலே பத்தரை மணி நேரம்தான் என்பதும் கணக்கில் இருக்கட்டும்.

தண்ணீர் ஆளுக்கு நாலு லிட்டர், குறையாமல். வேடிக்கை என்னவென்றால், அந்த வறண்ட தரைக்கு அடியில்தான் தீசி என்ற நிலத்தடி நீர்த்தேக்கம் இருக்கிறது. 2013 முதல் தலைநகர் அம்மானுக்கே அங்கிருந்து குழாயில் தண்ணீர் போகிறது. மலையடிவாரத்தில் சில ஊற்றுகளும் உண்டு. மணற்பாறையில் இறங்கும் நீர் அடியில் இருக்கும் கருங்கல்லைத் தாண்ட முடியாமல் ஓரமாகக் கசிகிறது. ஆனால் நீங்கள் மாட்டிக்கொள்ளப் போவது மலைமேல். அங்கே முதுகுப் பையில் இருப்பதுதான் தண்ணீர்.

ஃபோன் சிக்னல் இல்லாத இடத்திலும் செய்தி அனுப்பும் சாட்டிலைட் மெசேஞ்சர் வாங்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் அதை இந்தியாவில் வைத்திருப்பதே குற்றம், விமான நிலையத்திலேயே பிடிக்கிறார்கள். அதற்கு பதில் கிராமத்தில் தங்கும் வீட்டுக்காரரிடம், எந்த மலை, எந்த வழி, எத்தனை மணிக்குள் வருவோம், வராவிட்டால் எப்போது தேட வேண்டும் என்று தினமும் எழுதிக் கொடுங்கள். ஹெலிகாப்டர் வரும் என்று நம்பிப் போகாதீர்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அகபா போக வேண்டும், அறுபது கிலோமீட்டர் சொச்சம். பயணக் காப்பீட்டில் கயிறு கட்டி ஏறுவது விலக்கப்பட்டிருக்கிறதா என்று சின்ன எழுத்தையும் வாசித்துவிடுங்கள்.

முதல் நாள் ஒரு பெதுவின் வழிகாட்டியோடு போங்கள். காசு மிச்சம் பிடிக்கும் இடம் இதுவல்ல, ஒட்டகச் சவாரியை வேண்டுமானால் விடுங்கள். அவரைப் பாதி வழியிலேயே கேளுங்கள்: எங்கிருந்து இறங்கப் போகிறோம்? ஒவ்வொரு திருப்பத்திலும் திரும்பி நின்று, வந்த வழி மேலிருந்து எப்படித் தெரிகிறது என்று ஃபோட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அந்த நாற்பது நிமிடமும் எங்கள் முகத்தைத்தான் எடுத்தோம்.

திருத்திய அட்டவணையை அனுப்புங்கள். இறங்கும் நேரத்துக்கு ஒரு கட்டம் இருந்தால் மட்டும் மேற்கொண்டு படிப்பேன். 7 மி.மீ. கயிறு புதுச் சுருள் ஒன்று என் வீட்டில் பிரிக்காமல் கிடக்கிறது, வரும் சனிக்கிழமை கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
உங்களுக்கு முன்னால் போய் மாட்டிக்கொண்டவன்