மூட்டுவலி எல்லாம் தேய்மானம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

முதுமையில் வரும் மூட்டுவலி பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். முழங்காலில் குருத்தெலும்பு தேய்வதை நன்றாகவே விளக்கியிருந்தது, சரி. ஆனால் முடக்குவாதத்தையும் 'வயதானால் வரும் தேய்மானம்' என்ற கணக்கில் சேர்த்தது தவறு. அதில் உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பு சக்தியே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. சவ்வு வீங்கித் தடித்து, பக்கத்திலுள்ள குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கத் தொடங்குகிறது. 30 வயதிலும் வரும், பெண்களுக்கே அதிகம்.

என் அக்காவுக்கு 34 வயதில் வந்தது. காலையில் எழுந்ததும் சட்டைப் பொத்தானைக்கூடப் போட முடியாது. விரல்கள் மடங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். தேய்மானம் என்றால் இந்த விறைப்பு பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். இந்த வித்தியாசம் தெரியாமல் இரண்டு வருடம் வலி மாத்திரையிலேயே ஓட்டினோம். அப்புறம்தான் ரத்தப் பரிசோதனை, உரிய மருந்து எல்லாம். அதற்குள் இரண்டு விரல்கள் கோணிவிட்டன. இனி மூட்டுவலி பற்றி எழுதும்போது, காலை விறைப்பு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்று கவனிக்கச் சொல்லும் சிறு பெட்டிச் செய்தி ஒன்றையும் சேர்த்து வெளியிட வேண்டுகிறேன்.