கொலோனிலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

தம்பி எழுதிய கடிதம் கிடைத்தது. நீ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதியிருக்கிறான். இல்லாவிட்டால் "சாப்பிடுகிறாயா" என்று பத்திக்குப் பத்தி வருமா? நன்றாகச் சாப்பிடுகிறேன். போன ஞாயிறு கறி உருண்டை, சோறு, தயிர்ப் பச்சடி. நானே செய்தேன், மேற்பார்வை எதிர்வீட்டுத் துருக்கிப் பாட்டி.

1961-ல் ஜெர்மனி துருக்கியோடு ஒப்பந்தம் போட்டு ஆள் எடுத்ததே, அந்த வழியில் கார் தொழிற்சாலைக்கு வந்தவரின் மனைவி. என் வீட்டில் வெங்காய வாசம் வந்தால் போதும், உள்ளே வந்து சட்டியைத் திறந்து பார்ப்பார். அவர் பேசுவது பாதிதான் விளங்கும். திட்டுவது மட்டும் முழுதாக விளங்குகிறது.

நாம் கோலா உருண்டைக்குப் பொட்டுக்கடலை சேர்த்து அரைத்து எண்ணெயில் பொரிப்போம். இவர்கள் பச்சைக் கொத்துக்கறியில் துருவிப் பிழிந்த வெங்காயம், ஊறவைத்த பழைய ரொட்டி, சீரகம், மிளகாய்த்தூள் போட்டு, கையில் ஒட்டும்வரை பிசைகிறார்கள். தண்ணீர் தொட்டு உருட்டி, லேசாகத் தட்டி, கொஞ்சம் எண்ணெயில் திருப்பிப் போட்டு எடுக்க வேண்டியதுதான். சோற்றுக்கு வெண்ணெயில் சேமியாவைச் சிவக்க வறுத்து, அதிலேயே அரிசியைப் போடுகிறார்கள். தயிரில் வெள்ளரிக்காய், பூண்டு, காய்ந்த புதினா. பச்சைமிளகாய் கிடையாது. பாட்டி போன பிறகு கிள்ளிப் போட்டுக்கொண்டேன்.

கறி எப்போதாவதுதான், அடிக்கடி தின்றால் உடம்புக்கு ஆகாது. குளிர் பெரிதாக ஒன்றுமில்லை. அறையைச் சூடாக்கும் கருவி இருக்கிறது, எனக்குத்தான் அந்தச் சூடு பிடிப்பதில்லை. ஸ்வெட்டர் போதும். ஞாயிறுகளில் கடைகள் திறக்காது, தெருவும் அமைதியாக இருக்கும். நன்றாகத் தூங்குகிறேன்.

சீரகம் வாங்கிய கடையில் மாம்பழக்கூழ் டின் ஒன்று பார்த்தேன். பின்பக்கம் சின்ன எழுத்தில் கிருஷ்ணகிரி மாவட்டம் என்று போட்டிருந்தது. நம் தோப்புப் பெங்களூரா மாம்பழமும் அதில் போயிருக்கலாம். என்ன வேண்டும் என்று கடைக்காரர் கேட்டார். எனக்குப் பேச்சு வரவில்லை. அம்மா, உன் கையால் களியும் கீரைக் கடைசலும் தின்ன வேண்டும்.

அது கிடக்கட்டும். தோப்பை இப்போதே குத்தகைக்கு விடலாம் என்கிறாராமே பெரியப்பா? வேண்டாம். இப்போதுதான் பூ. தத்துப்பூச்சியைக் காட்டியே வியாபாரி விலையைக் குறைப்பான். பிஞ்சு நின்ற பிறகு பேசட்டும். போச்சம்பள்ளி மாமாவைக் கூழ் ஆலைகளில் விலை விசாரிக்கச் சொல். மருந்தடிக்கப் பணம் அடுத்த மாதம் அனுப்புகிறேன்; இந்த மாதம் வங்கியில் ஏதோ கணக்கு மாற்றம். அதுவரை சங்கத்துக் கடனுக்கு வட்டி மட்டும் கட்டிவிடுங்கள். தங்கச்சியைப் பார்க்க வருபவர்களிடம் தேதி எதுவும் சொல்லிவிடாதே. டிக்கெட் விலை இறங்கியதும் எழுதுகிறேன்.

தோப்புப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். யார் கேட்டாலும் கொடுக்காதே, பெரியப்பாவே கேட்டாலும்.

உன் மகன்