அந்தப் பட்டியலில் நாம் இருக்கிறோம்

அமெரிக்கக் குடியுரிமை பெற்று வாக்களிக்கும் தமிழர்களுக்கு,

வணக்கம். 2022 ஆகஸ்டில் அம்மா தவறிய செய்தி வந்தபோது என் க்ரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருந்தது. விசா காலாவதியாகி, தூதரகத்தில் புது விசா வாங்கும் ஸ்டாம்பிங்கிற்குத் தேதி கிடைக்காத நேரம். வெளிநாடு போய்த் திரும்ப முன்கூட்டியே அனுமதி தரும் அட்வான்ஸ் பரோல் தாள் கையில் இருந்ததால்தான் மறுநாளே துணிந்து விமானம் ஏறினேன். மதுரையில் காரியமெல்லாம் முடிந்து பெட்டி கட்டும்போது அந்தத் தாள் சித்தப்பா கண்ணில் பட்டது. தனியே கூப்பிட்டு, "பரோல்னு போட்டிருக்கே தம்பி, அங்க ஏதும் கேஸா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். விசா இல்லாதவரையும் தக்க காரணம் இருந்தால் தற்காலிகமாக உள்ளே விடும் அனுமதி அது என்று சொல்லிப் புரியவைத்தேன்.

திரும்பி வந்து இறங்கியதும் விசாரணை அறையில் உட்காரவைத்தார்கள். எதிரே ஒரு பாட்டி. நாற்காலியில் பேரன் தூங்கிக்கொண்டிருந்தான். அவனுடைய காலணிகள் பாட்டியின் மடியில். கையிலிருந்த நீலப் பாஸ்போர்ட்டில் உக்ரைனின் திரிசூலம். அவர்களுக்கும் எனக்கும் ஒரே அதிகாரிதான் முத்திரை குத்தினார். 1952ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டத்தின் 212(டி)(5) என்ற ஒரே பிரிவின் கீழ்தான் நாங்கள் மூவரும் உள்ளே வந்தோம்.

அந்தப் பிரிவை இறுக்கும் மசோதாவை 2023 மே 11 அன்று பிரதிநிதிகள் சபை 219க்கு 213 என்ற வாக்கில் நிறைவேற்றியது. செனட்டில் அது நகரவில்லை. ஆனால் அதன் பரோல் பகுதியை நம்மில் எத்தனை பேர் படித்தோம்? 'அவசர மனிதாபிமானக் காரணம்' எது என்று அதில் ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள்: உயிருக்கு ஆபத்தான நோய், உறுப்பு தானம், நெருங்கிய உறவின் மரணப்படுக்கை, இறுதிச் சடங்கு என்று. க்ரீன் கார்டுக்கு விண்ணப்பித்துவிட்டு வெளிநாடு போய்த் திரும்புகிறவர்களுக்கும் தனி விலக்கு உண்டு. அதாவது, நாம் இருக்கிறோம். ஊரே குண்டுக்கு இரையாகி வந்த அந்தப் பாட்டிக்கு இடமில்லை. 2025 ஜூலையில் சட்டமான ஆயிரம் டாலர் பரோல் கட்டணத்திலும் இதே கதைதான். அதிலும் நமக்கு விலக்கு.

நமக்கு வலிக்காததால் இதைப் பற்றி நம் வாட்ஸ்அப் குழுக்களில் பேச்சே இல்லை. எனக்கு அது உறுத்துகிறது.

1956இல் ஹங்கேரியிலிருந்து தப்பியவர்களில் முப்பதாயிரம் பேருக்கு மேல் அதிபர் ஐசனோவரின் அரசு பரோலில்தான் அழைத்து வந்தது. 1975இல் தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் விழுந்தபோதும், 2021இல் காபூலிலிருந்து எழுபதாயிரத்துக்கும் அதிகமானோரை ஏற்றி வந்தபோதும் இதே வழிதான். அமெரிக்கப் படைக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்துவிட்டுக் காபூல் விமான நிலைய வாசலில் குடும்பத்தோடு நின்றவர், அந்தப் பட்டியலின் எந்த வரியில் பொருந்துவார்?

கியூபா, ஹைதி, நிகரகுவா, வெனிசுவேலா ஆகிய நான்கு நாட்டவர்க்கு மட்டும் ஐந்து லட்சத்துக்கும் மேல் பரோல் தந்தது, நாடாளுமன்றத்தைச் சுற்றிப் போன குறுக்குவழி என்று சிலர் சொல்கிறார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஒவ்வொருவரையும் தனித்தனியே பார்த்துத்தான் அனுமதிக்க வேண்டும் என்று 1996லேயே சட்டம் சொல்லிவிட்டது. அதைக் கண்காணிக்கட்டும், எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வேண்டுமென்றால் விவாதித்து வைக்கட்டும். போரையும் வீழ்ந்த நகரத்தையும் பட்டியலுக்கு வெளியே நிறுத்துவது அதற்கு மருந்தாகாது.

மசோதா மறுபடி எந்த உருவில் வந்தாலும், உங்கள் தொகுதி உறுப்பினரின் அலுவலகத்தை அழையுங்கள். க்ரீன் கார்டு வரிசையைப் பற்றிப் பேசியதோடு போனை வைத்துவிடாதீர்கள். போருக்குத் தப்பி வருகிறவர்களுக்கும் இந்தப் பிரிவில் இடம் வேண்டும் என்று, உங்கள் பெயரையும் ஜிப் கோடையும் சொல்லிக் கேளுங்கள். எனக்கு இன்னும் ஓட்டு வரவில்லை.

அன்புடன்,
உங்களில் ஒருவன்