நீங்கள் போன பிறகு யார் வந்தார்கள் என்று கேளுங்கள்

இலங்கையின் மனித உரிமை நிலைமையைக் கண்காணிப்பதற்காக ஜெனீவாவிலிருந்தும் பிரசெல்ஸிலிருந்தும் கொழும்புத் தூதரகங்களிலிருந்தும் மட்டக்களப்புக்கு வந்துபோகும் குழுக்களுக்கு,

வணக்கம்.

போன மாதம் உங்களில் ஒரு குழு எங்களைச் சந்தித்தது. எந்தக் குழு என்று இங்கே எழுதப்போவதில்லை. வந்தவர்களுக்குத் தெரியும். வாவிக்கரைப் பக்கம் ஒரு ஹொட்டலின் மேல்மாடி, காணாமலாக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடும் பன்னிரண்டு தாய்மார், ஒரு மொழிபெயர்ப்பாளர், ஒரு மணித்தியாலம். நேரம் காணாதுதான். ஆனாலும் நல்லபடியாகக் கேட்டீர்கள். உங்களில் ஒரு பெண் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தார். பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை அம்மா அதைத்தான் சொல்லிக்கொண்டு வந்தார்.

மூன்றாம் நாள் எங்கள் வீட்டுக்கு இரண்டு பேர் வந்தார்கள்.

நான் வேலைக்குப் போயிருந்த நேரம். சிவில் உடுப்பு, ஒரு மோட்டார் சைக்கிள். நல்ல மரியாதையாக "அம்மா, அம்மா" என்றுதான் கூப்பிட்டார்களாம். எத்தனை வெள்ளைக்காரர் வந்தது, வாகனம் யார் ஒழுங்குபடுத்தியது, காசு ஏதும் தந்தார்களா, என்னென்ன கேட்டார்கள், மகள் எங்கே வேலை செய்கிறாள். அடையாள அட்டையை வாங்கிப் போனில் படம் எடுத்தார்கள். பிறகு பையைக் கேட்டார்கள்.

அந்தப் பையை நீங்களும் பார்த்தீர்கள். அம்மாவின் பழைய சீலையில் தைத்தது. முதல் முறைப்பாட்டின் பிரதி, ஒவ்வொரு விசாரணையிலும் கொடுத்த துண்டுகள், ஈரம்பட்டு ஒட்டிப்போன கடிதங்கள், அண்ணாவின் படம். அண்ணா சாதாரண தரப் பரீட்சை எடுத்த வருடம் அடையாள அட்டைக்காக எடுத்த படம் அது. நெகட்டிவ் இல்லை. கேட்ட இடமெல்லாம் பிரதி எடுத்துக் கொடுத்ததில், இப்போது கையிலிருக்கும் படத்தில் கண் இரண்டும் வெறும் நிழல். வந்தவர்கள் எல்லாவற்றையும் பாயில் விரித்து ஒவ்வொன்றாகப் படம் எடுத்தார்களாம். அண்ணாவின் படம் வந்ததும் ஒருவர், "இவர் இப்ப எங்க அம்மா?" என்று கேட்டிருக்கிறார்.

அம்மா சொல்லியிருக்கிறார்: "மகன் வெளிநாட்டில."

இதை வாசிக்கும் உங்களுக்கு அது ஒரு சின்னப் பொய்யாகத் தெரியலாம். 35 வருடங்களாக இந்த நாட்டில் எத்தனை மேசைகளுக்கு முன்னால் அம்மா இருந்தாரோ, அத்தனை மேசைகளிலும் அவருக்குச் சொல்லப்பட்டது அதுதான். எங்காவது வெளிநாட்டுக்குப் போயிருப்பான், போய்ப் பாருங்கள் என்று. இல்லை, ஆமி ஏற்றிக்கொண்டு போனதை என்ர கண்ணால கண்டனான் என்று ஒவ்வொரு முறையும் அடித்துச் சொன்னவர் அவர். இந்த ஒரு நாள்தான் அவர் வாயிலிருந்தே அந்தச் சொல் வந்தது. இரவு என்னிடம், "உன்ர வேலைக்கு ஏதும் வந்திரும் எண்டு பயந்திற்றன் மனே" என்றார். அதற்குப் பிறகு அன்று சாப்பிடவில்லை.

என் கோரிக்கை ஒன்றுதான். எங்களிடம் கேட்டுவிட்டுப் போன பிறகு, திரும்பி ஒருமுறை கேளுங்கள்: நாங்கள் போன பிறகு உங்கள் வீட்டுக்கு யார் வந்தார்கள்? அந்தப் பதிலையும் உங்கள் அறிக்கையில் சேருங்கள்.

1990 செப்டெம்பர் 5 உங்கள் கோப்புகளில் இருக்கும். வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் அகதிகளாக இருந்தோம். எனக்கு 11 வயது. ஆமி வந்து எல்லோரையும் வரிசையில் விட்டது. முகத்தை மூடிக்கொண்டு ஆட்களைக் காட்டிக்கொடுக்கும் தலையாட்டிகளுக்கு முன்னால் நடக்க வைத்தார்கள். அன்று மட்டும் 158 பேரை ஏற்றிக்கொண்டு போனார்கள். அண்ணாவுக்கு 19 வயது. நாலு நாள் கழித்துச் சத்துருக்கொண்டானில் குழந்தைகள் உட்பட நூற்றெண்பதுக்கும் மேற்பட்ட ஊர்ச்சனங்கள் கொல்லப்பட்டார்கள். அதே வருடம் ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். குருக்கள்மடத்தில் புதைக்கப்பட்ட தங்கள் சொந்தங்களைத் தோண்டி எடுத்துத் தாருங்கள் என்று முஸ்லிம் குடும்பங்கள் இன்றைக்கும் கேட்டுக்கொண்டிருக்கின்றன. அவர்களும் உங்களோடு பேசியிருப்பார்கள். அவர்கள் வீட்டுக்கும் யாரும் வந்தார்களா என்று கேளுங்கள்.

ஆணைக்குழுக்களின் கதை உங்களுக்குத் தெரியும். 1994இல் ஒன்று, 2010இல் ஒன்று, 2013இல் ஒன்று, பிறகு 2016இல் சட்டம் போட்டுக் காணாமற்போனோர் அலுவலகம். 2015இல் ஐ.நா. மனித உரிமைப் பேரவையில் இலங்கை அரசே சேர்ந்து முன்வைத்த 30/1 தீர்மானம், 2020இல் அதே நாடு அதிலிருந்து விலகியது, 2021இல் சாட்சியங்களைச் சேகரித்து வைக்க 46/1 தீர்மானம், 2025 ஒக்டோபரில் அதற்கு இன்னும் இரண்டு வருடம். ஒவ்வொரு முறையும் இங்கே மாமாங்கத்திலும் திருக்கோவிலிலும் தாய்மார் வானொலிக்குப் பக்கத்தில் இருந்து கேட்டார்கள். அந்தத் தாய்மாரில் எத்தனை பேர் இப்போது உயிரோடு இருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கவே எனக்கு மனம் வருவதில்லை. நீங்கள் சேகரித்து வைக்கும் சாட்சியம் ஜெனீவாவில் பத்திரமாக இருக்கும், அதை நான் நம்புகிறேன். சொன்ன ஆள் இங்கே பத்திரமாக இருக்கிறாரா என்று பார்ப்பது யாருடைய வேலை?

வரிச் சலுகை பற்றியும் ஒரு வார்த்தை. ஐரோப்பிய ஒன்றியம் எங்கள் ஏற்றுமதிகளுக்குத் தரும் ஜிஎஸ்பி பிளஸ் சலுகை 2010இல் நிறுத்தப்பட்டு 2017இல் திருப்பித் தரப்பட்டது. 27 சர்வதேச உடன்படிக்கைகளை மதிப்பதற்கு ஈடாகத் தரப்படுவது அது. அதைப் பறியுங்கள் என்று நான் கேட்கவில்லை. எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளும் விடிய நாலு மணிக்கு எழும்பி ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸுக்கு ஓடுகிறவர்கள். அவர்கள் வயிற்றில் அடித்து எனக்கு நீதி வேண்டாம். ஆனால் அந்த 27 உடன்படிக்கைகளில் சித்திரவதைக்கு எதிரானதும் இருக்கிறது, குடியியல் அரசியல் உரிமைகளும் இருக்கின்றன. அவற்றை அளப்பதற்குக் கொழும்பில் அமைச்சு தரும் அட்டவணை போதாது. 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம், மாற்றுவோம் என்று எத்தனை அரசாங்கங்கள் உங்களுக்கு எழுதித் தந்தன? 2021 மே மாதம் கிரான் கடற்கரையில் விளக்கேற்றினார்கள் என்று 10 பேரை அதே சட்டத்தில் அள்ளிக்கொண்டு போனார்கள். பல மாதங்கள் உள்ளே இருந்தார்கள். அதைப் பார்த்தபிறகு எந்தத் தாய் உங்கள் முன்னால் வந்து தைரியமாகப் பேசுவார்? பேசினார்களே, அதற்காகவாவது நீங்கள் எழும்பி நின்றிருக்க வேண்டும்.

மன்னிக்க வேண்டும், கோபத்தில் எழுதுகிறேன். வந்து கேட்கிறவர்களோடு கோபிக்கிறோம், ஏனென்றால் கேட்க வருகிறவர்கள் நீங்கள் மட்டும்தான்.

தமிழில் உங்கள் வேலைக்கும் கண்காணிப்பு என்றுதான் சொல்கிறோம். வாசலில் மோட்டார் சைக்கிள் வந்து நிற்பதற்கும் அதே சொல்தான். அம்மாவுக்கு இப்போது ஒன்று வந்தால் மற்றது பின்னால் வரும் என்று ஆகிவிட்டது. அடுத்த கூட்டத்துக்குக் கூப்பிட்டபோது, "முழங்கால் ஏலாது" என்று சொல்லிவிட்டார். முழங்கால் நோவு அவருக்குப் பத்து வருடமாக இருக்கிறது. அதோடுதான் கொழும்பு வரைக்கும் போய்வந்தவர்.

அச்சுறுத்தல் தொடர்கிறது என்று உங்கள் அறிக்கைகளில் ஒரு பந்தி இருக்கத்தான் செய்கிறது. அந்தப் பந்தியில் எங்கள் மாவட்டம், எங்கள் கூட்டம் நடந்த நாள், அதற்கு எத்தனை நாள் கழித்து எத்தனை வீட்டுக்கு ஆள் வந்தது என்று எழுதுங்கள். பெயர் வேண்டாம். எண்ணிக்கை இருந்தால் அரசாங்கத்தால் அதை மறுக்க ஏலாது. எங்கள் பன்னிரண்டு பேரில் ஐந்து வீடு என்பது நானே விசாரித்துத் தெரிந்துகொண்டது. இதை நீங்கள் விசாரித்திருக்க வேண்டும்.

நீங்கள் தந்த விசிட்டிங் கார்டை அம்மா சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். அதிலுள்ள இலக்கத்துக்கு இரண்டு தரம் எடுத்தேன். இங்கிலீஷில் பதிவு செய்த குரல் பேசியது. எனக்காவது கொஞ்சம் விளங்கும், மற்ற வீடுகளில் என்ன செய்வார்கள்? தயவுசெய்து தமிழ் பேசும் ஒருவரின் இலக்கத்தைத் தாருங்கள். கூட்டம் முடிந்து இரண்டு கிழமைக்குள் அவரே எங்களுக்கு எடுத்துக் கேட்கட்டும். யார் வந்தார்கள், என்ன கேட்டார்கள், எதை எடுத்துக்கொண்டு போனார்கள் என்று. உங்கள் வேலையில் அது ஒரு பகுதியாக இருக்கட்டும் என்று மிகவும் பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன்.

பை இப்போது எங்கள் வீட்டில் இல்லை, வேறொரு வீட்டில் இருக்கிறது. அதைத் திருப்பிக் கொண்டுவரலாமா என்று அம்மா நேற்றும் கேட்டார். அம்மாவுக்கு 77 வயது. நீங்கள் எடுப்பதென்றால் பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு எடுங்கள், அப்போது நான் வீட்டில் இருப்பேன்.

இப்படிக்கு,
1990இல் அண்ணாவை வந்தாறுமூலையில் பறிகொடுத்த ஒரு தங்கச்சி,
மட்டக்களப்பு